வாடைக்குப்பத்தார் ஐஸ் ஹாக்கி ஆடிய கதை

வாடைக்குப்பத்தாரைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் சிரிப்பு வந்துவிடும். சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும்.

அந்தக் குப்பத்தில் ஓர் ஐஸ் கம்பெனி உண்டு. மீன் பெட்டிகளுக்கு ஐஸ் போட்டு கேரளத்துச் சந்தைக்கு லாரியில் அனுப்பும் வேலை. அங்கே தணிகாசலம் மேஸ்திரி. இருபது வருஷமாக ஐஸோடு புழங்கிய மனுஷன். கம்பெனியில் இரண்டு வழக்கத்தை அவர் கண்டிப்பாக வைத்திருந்தார். ஒன்று, ஐஸை ஒரு நிமிஷம்கூடத் திறந்து போடக்கூடாது. மேலே உமி தூவ வேண்டும். இரண்டு, சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பெட்டிகளை மூடி லாரியில் ஏற்ற வேண்டும். சங்குச் சத்தம் காதில் விழுந்தால் தணிகாசலம் தூக்கத்தில்கூட "ஏத்து!" என்று கத்துவார். இதில் மனைவி செங்கமலத்தைத் தவிர வேறு யாருக்கும் வருத்தம் இல்லை.

செங்கமலத்துக்கு வேறு வருத்தங்களும் இருந்தன. அவள் பக்கத்து ஊரான அக்கரைமேட்டில் பிறந்தவள். அவளுடைய அண்ணன் வடமலை அந்த ஊரின் வீராதி வீரர். வருஷா வருஷம் திருவிழாவில் இரண்டு ஊருக்கும் போட்டி நடக்கும். அந்தப் பக்கம் தலைவர் வடமலை, இந்தப் பக்கம் தலைவர் தணிகாசலம்.

ஒரு வருஷம் கபடி. மூச்சு விடாமல் பாட வேண்டும் என்றார்கள். தணிகாசலம் பாடினார். ஆட்டம் முடிந்த பிறகும் மூச்சு விடலாம் என்று யாரும் சொல்லவில்லை. மயங்கி விழுந்தவரைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அடுத்த வருஷம் படகுப் போட்டி. நங்கூரத்தைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னதால், கடைசிவரை அதைக் கடலுக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தார். இந்த வருஷம் வடம் இழுக்கும் போட்டி. "என்ன ஆனாலும் வடத்தை விடாதீங்க" என்று ஊரே கத்தியது. தோற்ற பிறகும் அவர்கள் விடவில்லை. அக்கரைமேட்டார் வடத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போக, தணிகாசலமும் ஆட்களும் பிடித்த பிடி விடாமல் கூடவே போனார்கள். மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

அன்றைக்குச் செங்கமலம் டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"எங்க ஊர்ல தலைகாட்ட முடியல. எங்க அண்ணனை ஒரே ஒரு தடவை ஜெயிச்சுக் காட்டுங்க. ஜெயிச்ச அடுத்த நிமிஷம் நான் உங்க பக்கத்துல வந்து உக்காருவேன். அதுவரைக்கும் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

தணிகாசலத்துக்கு வீடு வீடாக இல்லை. வேளாவேளைக்கு இரண்டு தட்டு வைப்பார். தன் தட்டில் சாப்பிடுவார். பிறகு அவள் தட்டில் இருப்பதையும் தானே சாப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோம்மா" என்று உபசரித்துவிட்டு, ஓவென்று அழுவார். இருபத்துமூன்று நாளில் ஆள் இரண்டு சுற்று பெருத்துவிட்டார்.

அப்போதுதான் கப்பலில் வேலை பார்க்கும் ஞானசேகர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். கனடாவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதாகி இரண்டு மாசம் நின்றபோது ஐஸ் ஹாக்கி என்று ஒரு விளையாட்டுப் பார்த்தாராம்.

"தரையில தோத்தீங்க, தண்ணியில தோத்தீங்க. ஐஸ்ல தோக்க முடியுமா மேஸ்திரி? இந்தக் கரையில உங்களைவிட ஐஸ் தெரிஞ்சவன் எவன் இருக்கான்?" என்றார்.

தணிகாசலம் அவரைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதார். ஞானசேகர் ஒரு தாளில் 'ஆரம்ப ஆட்டக்காரர்களுக்கான அடிப்படை விதிகள்' என்று தலைப்புப் போட்டுப் பத்து வரி எழுதிக் கொடுத்தார். மறுநாளே கப்பலுக்குப் போய்விட்டார். சந்தேகம் கேட்க அவர் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

வடமலை தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஐஸோ நெருப்போ, எதுல வேணும்னாலும் வாங்க மாப்ள" என்றார். அந்தக் கரையில் போட்டி என்றால் கடலில் கால் நனைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கடல்மேல் செய்த சத்தியத்தை மீறினால் வலை காலியாகத்தான் வரும் என்று புத்திசாலிக்கும் பயம். இரண்டு தலைவர்களும் கணுக்கால் தண்ணீரில் நின்று, "தாள்ல இருக்கறதை ஒரு எழுத்தும் மீற மாட்டோம்" என்று சொன்னார்கள். வடமலை தன் வாழ்க்கையில் செய்த ஒரே முட்டாள்தனம் அது.

வாடைக்குப்பத்தில் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் கம்பெனிக் கணக்கர் முனிரத்தினம் ஒருவர்தான். அதனால் அவரே நடுவர். கம்பெனியில் கூட்டம் போட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தாளைப் படித்தார்.

"காலணியின் அடியில் இரும்பு இருக்க வேண்டும்."

கூட்டம் யோசித்தது. சுமை ஏற்றும் இருசப்பன் எழுந்து, "மாட்டுக்கு அடியில இரும்பு இருக்குதே" என்றான். அவன் அறிவைப் பாராட்டிவிட்டு எல்லோரும் லாடம் கட்டுகிறவரிடம் போனார்கள்.

லாடம் கட்டுகிறவர் அணியின் ஆறு பேருடைய செருப்பையும் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சது ஒரே முறைதான். கீழ தள்ளி, காலைக் கட்டித்தான் அடிப்பேன்" என்றார்.

"உங்க தொழில் முறை எப்பிடியோ அப்பிடியே செய்யுங்க" என்றார் தணிகாசலம் மரியாதையாக.

ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கயிறு போட்டுத் தள்ளி, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, அதாவது கையையும் சேர்த்துக் கட்டி, செருப்புக்கு லாடம் அடித்துவிட்டார். இருசப்பனுக்கு மட்டும் பழக்கதோஷத்தில் கொம்பு சீவப் பார்த்தார். இல்லாததால் விட்டுவிட்டார்.

அடுத்த விதி. "ஆட்டத்துக்கு முன்னால் வட்டு உறைய வைக்கப்பட வேண்டும்."

வட்டு என்பது உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ரப்பர் வில்லை. தணிகாசலம் பழைய லாரி டயரில் அழகாக ஒன்று வெட்டி வைத்திருந்தார். உறைய வைப்பது கம்பெனிக்குப் புதிதா என்ன? தண்ணீர் ஊற்றிய தகரக் கேனில் வட்டைப் போட்டு இறக்கினார்கள். மறுநாள் ஐம்பது கிலோ ஐஸ் பார் ஒன்று வெளியே வந்தது. நட்டநடுவில் வட்டு கறுப்பாகத் தெரிந்தது. இதைவிட நன்றாக எந்த ஊர்க்காரனும் வட்டை உறைய வைத்திருக்க முடியாது.

மைதானமும் தயாரானது. கம்பெனிக் கொட்டகையில் ஐஸ் பார்களை வரிசையாக அடுக்கித் தளம் போட்டார்கள். கடலில் மீன் இல்லாத சித்திரை மாசம், ஐஸ் கேட்க ஆளில்லை. நடுவில் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒன்று இந்தப் பக்கம் ஒன்று நீலக் கோடு. நீலம், துணிக்குப் போடுகிற நீலம். இரண்டு முனையிலும் இரண்டு மூங்கில் நட்டு வலை கட்டிக் கோல். கழிக்குப் பதிலாகத் துடுப்பு. உருகும் தண்ணீர் வடிவதற்காகக் கொட்டகைத் தரை ஒரு பக்கம் சரிவாக இருக்கும். சரிவின் கீழ்ப்பக்கம், சாக்கடை ஓரமாக அக்கரைமேட்டின் கோல். மேட்டுப்பக்கம் வாடைக்குப்பத்துக் கோல்.

எல்லாம் முடிந்ததும் தணிகாசலம் ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் பகீரென்றது. இவ்வளவு ஐஸ் திறந்து கிடக்கிறது! உடனே பத்து மூட்டை உமியைக் கொண்டுவந்து தளம் முழுக்கத் தூவச் சொன்னார். கோடுகளின் மேல் மட்டும் தூவவில்லை. கோடு விதியில் இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கரைமேட்டார் வந்து இறங்கினார்கள். வடமலையின் ஆட்கள் ஒரு மாசமாகச் சோப்பு நுரை ஊற்றிய சிமெண்ட் தரையில் வழுக்கி வழுக்கிப் பழகியிருந்தார்கள். அப்படியே பறந்துவிடலாம் என்று முதல் ஆள் ஓடிவந்து காலை வைத்தான். உமியில் கால் புதைந்து, மூஞ்சி குப்புற விழுந்தான்.

"இன்னா மாப்ள இது? ஐஸ் எங்க?"

"அடியில பத்திரமா இருக்குது மச்சான். சூடு படாம."

கூட்டத்தின் முன்வரிசையில் செங்கமலம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் அடித்துக்கொண்டதைத் தணிகாசலம் பார்த்தார். நமக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது.

முனிரத்தினம் கம்பெனி டைம்பீஸை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விதி சொன்னது: ஆட்டம் மூன்று பகுதி, ஒவ்வொரு பகுதி முடிவிலும் சங்கு ஊத வேண்டும், ஆட்டம் நின்றால் கடிகாரமும் நிற்க வேண்டும். அவர் அதற்கும் வழி கண்டிருந்தார். ஆட்டம் நின்றதும் டைம்பீஸின் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். தொடங்கினால் மறுபடியும் மாட்டுவார்.

"நடுவர் வட்டை நடுவில் போடுவார். இரு தலைவர்களும் எதிரெதிரே நிற்க வேண்டும்" என்று படித்துவிட்டு, நாலு ஆள் பிடிக்க, ஐம்பது கிலோ பாரைத் தூக்கி வடமலையின் காலடியில் போட்டார். காலடி என்றால் கால் கட்டைவிரல்.

"வட்டு எங்கய்யா?" என்று வடமலை ஒற்றைக்காலில் குதித்தார்.

"உள்ள இருக்குது. உறைய வெச்சிருக்கோம். தாள்ல இருக்குது, பாருங்க."

வடமலை தாளைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். துடுப்பை எடுத்துக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. ஆறு வாடைக்குப்பத்தாரும் பாரைத் துடுப்பால் நெம்பி நெம்பி எதிரியின் நீலக் கோடு வரை கொண்டுபோய்விட்டார்கள். தினமும் செய்கிற வேலைதானே! கோட்டுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் பார் நின்றது. எல்லோரும் கைகட்டி நின்றார்கள்.

"தள்ளுங்கடா!" என்று கூட்டம் கத்தியது.

"எப்பிடித் தள்றது? வட்டு தாண்டறதுக்கு முன்னாடி யாரும் நீலக் கோட்டைத் தாண்டக்கூடாதுன்னு தாள்ல இருக்குது. வட்டு முதல்ல போவட்டும்" என்றார் தணிகாசலம்.

"நாம தள்ளினாத்தானே அது போவும் மேஸ்திரி?" என்றான் இருசப்பன்.

"தள்றப்ப நம்ம துடுப்பு முன்னால நீட்டிகினு இருக்கும். துடுப்பு நம்ம கையில இருக்குது. கை நம்ம உடம்புல இருக்குது. அப்போ தாண்டினது யாரு?"

இருசப்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்போ அதுவா போவட்டும்" என்று ஆறு பேரும் பாருக்கு வழிவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

அக்கரைமேட்டான் ஒருவன் பொறுமை இழந்து பாரை அடிக்கத் துடுப்பை ஓங்கினான். முனிரத்தினம் விசில் ஊதிப் பேட்டரியைக் கழற்றினார்.

"எவர் கழியைத் தோளுக்கு மேல் தூக்கினாலும் தவறு. தவறு செய்தவர் இரண்டு நிமிடம் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை அந்த அணிக்கு ஓர் ஆள் குறைவு."

பெட்டிக்குக் கம்பெனியில் பஞ்சமா? சுறா வைக்கிற பெரிய பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஆனால் அங்கே ஒரு பெட்டியில் எதையும் வெறுமனே வைக்கமாட்டார்கள். அடியில் ஒரு வரிசை உடைத்த ஐஸ், அதன்மேல் ஆள், சுற்றிலும் ஐஸ். அவன் முதலில் கத்தினான். பிறகு கத்தவில்லை. பிறகு, "ஆஹா" என்றான்.

சித்திரை வெயில் தகரக் கொட்டகையை அடுப்பாகக் காய்ச்சிக்கொண்டிருந்தது. வெளியே நின்றவர்களுக்கு வேர்வை ஆறாக ஓடியது. பெட்டிக்குள் இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

அடுத்த நிமிஷமே இன்னொரு அக்கரைமேட்டான் துடுப்பைத் தோளுக்கு மேல் தூக்கினான், ஒரு காரணமும் இல்லாமல். பின்னாலேயே மூன்றாமவன். வாடைக்குப்பத்தாரில் ஒருவன் தானாகவே நடுவரிடம் வந்து, "நான் மனசுக்குள்ள நீலக் கோட்டைத் தாண்டிட்டேன்" என்று ஒத்துக்கொண்டான். "அவன் தாண்டறப்ப நான் தடுக்கல" என்று இன்னொருவன் அழாக்குறையாகச் சொன்னான். முனிரத்தினம் நேர்மையான மனுஷர். இரண்டு பேரையும் பெட்டிக்கு அனுப்பினார்.

முதல் பகுதி முடிந்தது. முனிரத்தினம் போய்க் கம்பெனிச் சங்கை ஊதினார்.

"ஏத்து!" என்றார் தணிகாசலம்.

அவர் சொன்னது அவருக்கே தெரியாது. வாடைக்குப்பத்து ஆட்கள் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய், ஐந்து பெட்டிக்கும் மூடி போட்டுக் கட்டி, லாரியில் ஏற்றினார்கள். மூடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் உண்டு, படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். சரக்கில்லாமல் ஒரு வாரமாகத் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர், பெட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு கேரளத்துக்குப் போய்விட்டார்.

வடமலை திரும்பிப் பார்த்தபோது புழுதிதான் இருந்தது.

"என் ஆளுங்க எங்கய்யா?"

"பெட்டியில" என்றார் முனிரத்தினம்.

"பெட்டி எங்க?"

"லாரியில."

"லாரி எங்கய்யா?"

"தாள்ல பெட்டியில உக்காரணும்னுதான் போட்டிருக்குது. பெட்டி எங்க இருக்கணும்னு போடல. தண்டனையை ஒழுங்காத்தான் அனுபவிச்சுகினு போறாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

ஆட்டத்தை விட்டுப் போனால் தோல்வி. மீதி ஆட்களோடு வடமலை பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாம் பகுதிக்கு இறங்கினார். கோல் காத்தவன் உட்பட அவருடைய இரண்டு ஆட்கள் கொஞ்ச நேரத்தில் வெயில் தாங்காமல் துடுப்பைத் தூக்கினார்கள். தணிகாசலத்தின் பக்கம் ஒருவன் நடுவரைப் பார்த்து, "எனக்கும் ஏதாவது தப்பு இருக்கும், தேடிப் பாருங்க" என்று கெஞ்சி உள்ளே போனான். சங்கு ஊதியது. "ஏத்து!" இரண்டாவது லாரியும் போனது.

அந்த இடைவேளையில் வாடைக்குப்பத்துக் கோல் காப்பவன் எத்திராசு தணிகாசலத்திடம் வந்தான்.

"மேஸ்திரி, கோலைக் காப்பாத்தறது என் பொறுப்புன்னு தாள்ல போட்டிருக்குது. சங்கு ஊதினா எல்லாரும் லாரிகிட்ட ஓடிடறீங்க. கோல் இங்க அநாதையா நிக்குது. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

தணிகாசலத்துக்கு நியாயமாகப் பட்டது. எத்திராசு மூங்கிலைப் பிடுங்கி, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கதவுக்கு முன்னால் துடுப்போடு உட்கார்ந்துவிட்டான். மூன்று நாள் அவன் மனைவி சமையல் பாத்திரம் எடுக்க உள்ளே போக முடியவில்லை.

மூன்றாம் பகுதியில் அந்தப் பக்கம் வடமலை ஒருவர். இந்தப் பக்கம் தணிகாசலமும் இருசப்பனும். வடமலை வீரர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஒற்றை ஆளாக அந்தப் பாரைத் துடுப்பால் நெம்பி, உமியையெல்லாம் ஒதுக்கித் தள்ளி, சரிவில் மேல்நோக்கிக் கொட்டகையின் இந்தக் கோடி வரை கொண்டுவந்துவிட்டார். மூச்சிரைக்க நிமிர்ந்தார். இரண்டு குழிதான் இருந்தது.

"கோல் எங்க மாப்ள?"

"பத்திரமா இருக்குது மச்சான்."

"எங்க பத்திரமா இருக்குது?"

"எத்திராசு வீட்ல. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, பூட்டுப் போட்டிருக்கான்."

வடமலை தணிகாசலத்தின் முகத்தையே பார்த்தார். பிறகு இத்தனை வருஷத்து ஆத்திரமும் சேர்ந்து துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார்.

விசில். "தோளுக்கு மேல" என்றார் முனிரத்தினம்.

சத்தியம் சத்தியம்தான். வடமலை போய்ப் பெட்டியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "ஆஹா" என்று மெதுவாகக் கேட்டது.

இப்போது மைதானத்தில் எதிரி ஒருவரும் இல்லை. அந்தக் கோடியில் அக்கரைமேட்டின் கோல் ஆளில்லாமல் கிடக்கிறது. பார் தணிகாசலத்தின் காலடியில். செங்கமலம் எழுந்து நின்றுவிட்டாள். அவள் கண்ணில் முதல் தடவையாக ஒரு நம்பிக்கை தெரிந்தது.

தணிகாசலம் துடுப்பைப் பாருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நிறுத்தினார்.

"உன் பாதியிலிருந்து கடைசிக் கோடு வரை வட்டை அடித்து அனுப்பக்கூடாது. இருக்குதில்ல, முனிரத்தினம்?"

"ஏழாவது விதி."

"அப்போ தொடக்கூடாது."

"தொடக்கூடாது" என்றான் இருசப்பன்.

இருவரும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அரை நிமிஷம் ஆனது. ஒரு நிமிஷம் ஆனது. கூட்டத்தில் பாதிப் பேர் தலையில் கைவைத்துக்கொண்டார்கள். தணிகாசலம் டைம்பீஸைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் சங்கு ஊதிவிடும். இனிமேல் ஆயுசுக்கும் இரண்டு தட்டையும் அவரே காலி செய்ய வேண்டும்.

அப்போது பார் அசைந்தது.

காலையிலிருந்து உருகிய தண்ணீர் அடியில் ஓடிக்கொண்டிருந்தது. வடமலை உமியை ஒதுக்கிப் போட்ட பாதை வழவழவென்று கிடந்தது. தரையோ சாக்கடைப் பக்கம் சரிவு. கம்பெனியில் இருபது வருஷமாக எல்லா ஐஸும் கடைசியில் அந்தச் சாக்கடைக்குத்தான் போயிருக்கிறது. பாருக்கு மட்டும் வேறு புத்தியா வரும்? மெள்ள நகர்ந்து, நடுக்கோட்டைக் கடந்தது. நீலக் கோட்டையும் கடந்தது. யாருக்கும் முன்னால், தானாக, வட்டு முதலில்.

"போயிடுச்சு! அதுவா போயிடுச்சு!" என்றான் இருசப்பன், தழுதழுத்த குரலில்.

இனி தாண்டலாம். தணிகாசலம் கைகூப்பியபடி, தேருக்குப் பின்னால் போவதுபோல அதன் பின்னாலேயே நடந்தார். பார் கோல் கோட்டுக்கு வந்தது. பாதி தாண்டியது. நின்றுவிட்டது.

"முழுசா தாண்டினாத்தான் கோல்" என்று முனிரத்தினம் டைம்பீஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னும் அரை நிமிஷம்."

தணிகாசலம் பாரைப் பார்த்தார். பார் பேசாமல் கிடந்தது. "போம்மா, போயிடு" என்று கெஞ்சினார்.

"யோவ்! ஓடிப்போய்த் தள்ளுய்யா!" கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் செங்கமலம் அவரை 'யோவ்' என்றது அதுதான் முதல் தடவை.

தணிகாசலம் திடுக்கிட்டுத் திரும்பினார். உமியில்லாத பாதை, அடியில் லாடம். கால் இரண்டும் வானத்துக்குப் போனது. மல்லாந்து விழுந்தவர், சரிவில் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போய், அத்தனை நாள் இரண்டு தட்டுச் சாப்பாட்டின் எடையோடு பாரில் மோதினார். பார், வட்டு, தணிகாசலம் மூன்றும் கோட்டைத் தாண்டி வலைக்குள் போய் விழுந்தன.

"கோல்!"

வாடைக்குப்பம் ஜெயித்துவிட்டது! கிழவர்கள் ஆடினார்கள். யாரோ உமியை வாரி மஞ்சள் பொடி மாதிரி எல்லோர் தலையிலும் தூவினார்கள். தணிகாசலம் எழுந்து நின்றார். செங்கமலத்தைத் தேடினார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. கீழே கிடந்த துடுப்பை எடுத்து வானத்தை நோக்கி ஓங்கி உயர்த்தினார்.

விசில் ஊதியது.

"எவர் தூக்கினாலும்" என்றார் முனிரத்தினம், மனசில்லாமல்.

தணிகாசலம் தலையாட்டினார். நேராகப் போய் ஒரு பெட்டியில் உட்கார்ந்தார். இருசப்பன் சுற்றிலும் ஐஸ் போட்டான். செங்கமலம் வந்து சேர்ந்தபோது ஐஸுக்கு மேல் தலையும் துடுப்பும் மட்டும் தெரிந்தன.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போவலாம்."

"ரெண்டு நிமிஷம்மா. தண்டனை."

"அதான் ஆட்டம் முடிஞ்சுபோச்சே!"

"இல்லம்மா. சங்கு ஊதல. இன்னும் பத்து செகண்ட் இருக்குது" என்று முனிரத்தினம் விளக்கினார். செங்கமலம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கணவர் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கினாள். "உன் செகண்டும் ஆச்சு, உன் தாளும் ஆச்சு!" என்று முனிரத்தினத்தின் மண்டையைக் குறிபார்த்துத் தூக்கினாள்.

விசில்.

"யம்மா, நீங்களும் 'எவர்'தானே!"

செங்கமலம் துடுப்பைப் போட்டாள். பெட்டியைப் பார்த்தாள். கணவர் நகர்ந்து இடம்விட்டுக் காத்திருந்தார். கொட்டகை கொதித்தது. ஜெயித்த அடுத்த நிமிஷம் பக்கத்தில் வந்து உட்காருவேன் என்று சொன்ன வாக்கு வேறு இருந்தது. ஏறி உள்ளே உட்கார்ந்தாள்.

"அடுத்த நிமிஷமே வந்துட்டியே" என்றார் தணிகாசலம், கண் கலங்க.

"பேசாதீங்க" என்றாள். பிறகு, "ஆஹா" என்றாள்.

முனிரத்தினம் பேட்டரியை மாட்டினார். பத்து செகண்ட் ஓடியது. பேட்டரியைக் கழற்றினார். சங்கு ஊதினார்.

"ஏத்து!" என்று பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இருசப்பன் ஓடிவந்து மூடி போட்டான்.

மறுநாள் காலை கேரளத்துச் சந்தையில் மூன்று லாரிப் பெட்டிகளையும் திறந்து பார்த்த மீன் வியாபாரிகள் இரண்டடி பின்னால் போனார்கள். பதினொரு பேர் ஐஸுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இறங்குங்கள் என்றால் ஒருவரும் இறங்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சான்னு எங்க நடுவரைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார் தணிகாசலம்.

வியாபாரி ஒருவர் தமக்குத் தெரிந்த தமிழில் முனிரத்தினத்துக்குப் போன் போட்டார். முனிரத்தினம் தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னார். ஆட்டம் நின்றால் கடிகாரமும் நிற்க வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டது, பேட்டரி சட்டைப் பையில் இருக்கிறது. நடுவர் கண்ணில் படாத பெட்டிக்குக் கணக்கும் ஓடாது. ஆக, ஒருவருக்கும் இரண்டு நிமிஷம் ஆகவில்லை. மறுபடியும் ஆட்டம் தொடங்கினால்தான் மீதி ஓடும்.

"எங்கில்... அப்போ தொடங்கு!"

"தொடங்கணும்னா ஆளுங்க வேணுமே. அவங்களை அனுப்பி வையுங்க."

"அவர் பெட்டிவிட்டு எறங்க மாட்டேன் சொல்றாரே!"

"எப்பிடி எறங்குவாங்க? தண்டனை முடியலையே" என்றார் முனிரத்தினம்.

வியாபாரி போனை வைத்துவிட்டார். அடுத்த பெட்டியிலிருந்து வடமலை தலையைத் தூக்கி, "என்ன சொல்றான் மாப்ள?" என்று கேட்டார்.

"நியாயமாத்தான் சொல்றான் மச்சான்" என்றார் தணிகாசலம். செங்கமலத்தின் தோளில் ஒட்டியிருந்த ஒரு உமியைத் தட்டிவிட்டார். பிறகு மேஸ்திரிக் கண்ணால் சந்தையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு வியாபாரியைக் கூப்பிட்டார்.

"ஏங்க, ஐஸை இப்பிடியா திறந்து போட்டு வெச்சிருப்பீங்க? மூடியைப் போடுங்க."